கோட்டு கழற்றாத சம்பந்தி

முதுகுக்குப் பின்னால் போன வார் திரும்பி வரவில்லை. டெல்பர்ட் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, வலது கையைத் தோளுக்கு மேலாகவும் இடது கையை இடுப்புப் பக்கமாகவும் அனுப்பி அதைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் நடுமுதுகில் சந்தித்துக்கொள்ளும் வயதை அவர் கடந்து வெகு காலம் ஆகிவிட்டது.

"உள்ள என்னதான் பண்றீங்க?" என்று மனைவி நோரீன் கதவுக்கு வெளியே இருந்து கேட்டாள்.

"டை கட்டறேன்."

"ஒரு டையா, ஒரு டஜன் டையா? சம்பந்தி வீட்டுல சாப்பாடு ஆறிடும்."

டெல்பர்ட் சுவரில் முதுகைத் தேய்த்தார். வார் எப்படியோ வலது அக்குள் பக்கம் எட்டிப் பார்த்தது. பிடித்து இழுத்து மாட்டினார். இடது அக்குளுக்குக் கீழே தோலுறை வந்து உட்கார்ந்தது. அதில் கைத்துப்பாக்கியைச் செருகிப் பொத்தானை அழுத்தினார். சேணம் பூட்டிய வண்டிக் குதிரை மாதிரி கண்ணாடியில் தெரிந்தார்.

துப்பாக்கி இல்லாமல் டெல்பர்ட் வெளியே போவதில்லை. தன் டயர் கடைக்குப் போனாலும், முடி வெட்டப் போனாலும், சர்ச்சுக்குப் போனாலும் இடுப்பில் அது இருக்கும். இத்தனை வருஷத்தில் அதை உருவ வேண்டிய அவசியம் ஒரு தடவைகூட வந்ததில்லை. வராததற்குக் காரணமே அது இடுப்பில் இருப்பதுதான் என்பது அவர் கட்சி. இந்த வாதத்தை எதிர்த்து ஜெயித்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

சிக்கல் மகள் ஷெல்பியால் வந்தது. அவள் கட்டிக்கொள்ளப் போகும் நாதன் வோத், மென்னோனைட் என்கிற கிறிஸ்தவச் சபைக் குடும்பம். எங்கள் கான்சாஸ் கோதுமை நாட்டில் பாதிப் பேர் அந்தச் சபைதான். பட்டாளத்துக்குப் போகமாட்டோம் என்று சொல்லி, அதற்காகவே நாடு விட்டு நாடு வந்தவர்கள். முயல் சுட ஒரு பழைய துப்பாக்கி கொட்டகையில் கிடந்தாலும் கிடக்கும். மனுஷனை மனசில் வைத்துச் செய்த துப்பாக்கியை அவர்கள் தொடுவதும் இல்லை, தொடுகிறவனோடு உறவு வைத்துக்கொள்வதும் இல்லை.

"அப்பா, ஒரே ஒரு நாள்," என்று ஷெல்பி போன வாரம் கெஞ்சியிருந்தாள். "அதைப் பார்த்தாங்கன்னா கல்யாணம் நின்னுடும். நிஜமாவே நின்னுடும். வீட்டுல வச்சுட்டு வாங்க."

"சரிம்மா," என்று டெல்பர்ட் சொன்னார். சொன்ன நிமிஷம் அவர் உண்மையாகத்தான் சொன்னார். மறுநாள் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுத் தெருமுனை வரை நடந்து பார்த்தார். கால்சட்டை போடாமல் வந்துவிட்டது போல இருந்தது. வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

துப்பாக்கிக் கடை கோர்டியிடம் யோசனை கேட்டார். இடுப்பு உறை ஆகாது. ஷெல்பிக்கு இடம் தெரியும். கணுக்கால் உறை ஆகாது; குனிந்தால் டெல்பர்ட்டுக்குக் கணுக்கால் எட்டாது.

"அப்போ தோளுறைதான்," என்றார் கோர்டி. "ஆனா முன்னாடியே சொல்லிடறேன். மேல கோட்டு போடணும். போட்டதைக் கழட்டக் கூடாது. கையத் தூக்கக் கூடாது. முன்னால குனியக் கூடாது. உங்களுக்குப் பின்னால யார் நின்னாலும் குழல் அவங்களத்தான் பார்த்துட்டிருக்கும்."

"வேற என்னதான் பண்ணலாம்?"

"நேரா நிக்கலாம்."

"சினிமாவுல போலீஸ்காரனுங்க எல்லாம் இதத்தானே போட்டுட்டிருக்கானுங்க?"

"அவனுங்களுக்கு வாரைச் சரி பண்ண ஆள் இருக்கு," என்று சொல்லி கோர்டி பில் போட்டார்.

உறை மறைகிற அளவுக்குத் தொளதொளப்பான கோட்டு டெல்பர்ட்டிடம் ஒன்றுதான் இருந்தது. பனிக்கால சாவு வீட்டுக்கென்று வாங்கிய கம்பளிக் கோட்டு. இப்போது ஜூலை. அறுவடை முடிந்த வயல்கள் வெயிலில் வறண்டு கிடந்தன. தன் பிக்கப் லாரியில் ஏறும்போதே அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது. சீட் பெல்ட் துப்பாக்கியை விலாவில் அழுத்தியது. வோத் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் வலது பக்கமாகச் சாய்ந்தே ஓட்டினார்.

"கழுத்து பிடிச்சுக்கிச்சா?" என்றாள் நோரீன்.

"லேசா."

ஷெல்பி வாசலிலேயே காத்திருந்தாள். அப்பாவைக் கட்டிப்பிடிக்கிற சாக்கில் அவர் இடுப்பின் வலது பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். முதுகுப் பக்கம் தட்டினாள். ஷூ லேஸைச் சரி செய்வது போலக் குனிந்து இரண்டு கணுக்காலையும் தடவினாள். எங்கும் ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"தேங்க்ஸ்ப்பா. நீங்க கேப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

டெல்பர்ட் திரும்பி லாரியைப் பார்த்தார். லாரியில் வைத்துவிட்டு வந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். ஆனால் ஆளில்லாத வண்டியில் துப்பாக்கியை விட்டுப் போகிறவன் முட்டாள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்பவரே அவர்தான். அதோடு ஷெல்பி அவர் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பழைய பண்ணை வீடு. ஏசி கிடையாது, காசு வீண் என்பது வோத்களின் எண்ணம். ஒரு மேஜை விசிறி இப்படியும் அப்படியும் தலையாட்டிக்கொண்டிருந்தது. நாதனின் அப்பா ஆர்லோ வோத் அரைக்கைச் சட்டையில் வந்து கை கொடுத்தார். அம்மா லோயிஸ் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அணைக்க வந்தாள். டெல்பர்ட் சட்டென்று திரும்பி வலது தோளைக் கொடுத்தார். அவள் ஒரு கதவை அணைப்பது போல அணைத்துவிட்டுப் போனாள்.

"கோட்டு எதுக்கு சம்பந்தி, கழட்டுங்க," என்றார் ஆர்லோ.

"பரவாயில்ல. மரியாதைக்குப் போட்டது."

"இங்க என்ன மரியாதை? நம்ம வீடு."

"எனக்குக் குளிர்ற மாதிரி இருக்கு," என்றார் டெல்பர்ட். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை அவர் வாயில் விழுந்தது. லோயிஸ் போய் விசிறியை நிறுத்தினாள்.

வாசற்படி அருகே எல்லோருடைய செருப்புகளும் வரிசையாகக் கிடந்தன. டெல்பர்ட் அப்போதுதான் கவனித்தார். நோரீனும் ஷெல்பியும் லோயிஸ் தைத்த மெத்தை விரிப்புகளைப் பார்க்க உள் அறைக்குப் போனார்கள். ஆர்லோவும் லோயிஸும் நாதனும் சமையலறையில் இருந்தார்கள். அவர் ஷூவைக் கழற்றக் குனிந்தார்.

கோர்டி சொன்னது சரிதான். குனிந்ததும் கோட்டு இரண்டு பக்கமும் விரிந்தது. உறை அக்குளை விட்டு ஊஞ்சல் போல முன்னால் வந்து தொங்கியது. டெல்பர்ட் அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, குனிந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். எதிரே பெஞ்சில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். ஆர்லோவின் பெரியப்பா மென்னோ. காது கொஞ்சம் மந்தம். அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல வேளை, என்று நினைத்துக்கொண்டார் டெல்பர்ட்.

மென்னோ மெதுவாக எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே அவர்களுடைய பழைய ஜெர்மன் பாஷையில் ஏதோ பேச்சு நடந்தது. ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. பெரியவருக்குப் பசி போலிருக்கிறது என்று டெல்பர்ட் நினைத்தார்.

ஆர்லோ திரும்பி வந்தபோது முன்பைவிட இன்னும் மரியாதையாக நடந்துகொண்டார். "நீங்க இங்க உட்காருங்க சம்பந்தி," என்று மேஜையின் தலைமாட்டில் இருந்த தன் சொந்த நாற்காலியைக் காட்டினார். அதற்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு பெஞ்சு இருந்தது. அங்கே உட்காரப் போன நாதனை ஆர்லோ தோளைப் பிடித்து வேறு பக்கம் அனுப்பினார். டெல்பர்ட்டின் முதுகுக்குப் பின்னால் கடைசி வரை யாரும் உட்காரவில்லை. காற்று வரட்டும் என்று விட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம். ஆர்லோ வழக்கமாகச் சுருக்கமாக ஜெபிப்பவர் என்று ஷெல்பி சொல்லியிருந்தாள். அன்று அவர் நீளமாக ஜெபித்தார். சமாதானத்துக்காக ஜெபித்தார். கோபத்தை அடக்கும் கிருபைக்காக ஜெபித்தார். இந்தக் கூரையின் கீழ் இருக்கிற ஒவ்வொருவரும் இன்று சாயங்காலம் வரை சுகமாக இருக்கும்படி ஜெபித்தார். டெல்பர்ட்டுக்கு மனசு இளகியது. ஆமென் சொல்லும்போது அவர் குரல்தான் எல்லோரையும் விட ஓங்கி ஒலித்தது.

பாலாடைக்கட்டி வைத்த கொழுக்கட்டையும் அதன் மேல் ஊற்ற பன்றிக்கறிக் குழம்பும் வந்தன. டெல்பர்ட் தட்டை நோக்கிச் சாய்ந்தார். உறையைப் பெல்ட்டோடு பிணைத்திருந்த கொக்கி டப் என்று கழன்றது. உறை வயிற்றுப் பக்கம் ஊர ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து ஆர்லோ பேச்சை ஆரம்பித்தார். "கல்யாணத் தேதி பத்திப் பேசிடலாம். நாதன் சபை வேலையா பராகுவே போறான். கிணறு தோண்டற வேலை, ரெண்டு வருஷம். வந்தப்புறம் நிதானமா வச்சுக்கலாம்னு எங்க எண்ணம்."

ஷெல்பி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு இது முதல் தடவை கேட்கிற செய்தி என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள்.

அப்பாவுக்கு அப்போது வேறு வேலை இருந்தது. வலது கையைக் கோட்டுக்குள் விட்டு ஊர்ந்து போன உறையைத் துழாவிக்கொண்டிருந்தார். கையில் துப்பாக்கியின் பிடி சிக்கியது. கொக்கி சிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தேடினார். கீழே பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்கள் என்பதால் ஆர்லோவின் முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்தபடி தேடினார்.

ஆர்லோ கையிலிருந்த குழம்புக் கரண்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"இல்ல, அப்படித்தான்னு இல்ல," என்றார் ஆர்லோ. "முன்னாடியே வச்சுக்கிட்டா ரெண்டு பேரும் சேர்ந்தே பராகுவே போகலாம். என்ன லோயிஸ்?"

"சேர்ந்துதான் போகணும்," என்றாள் லோயிஸ். "அக்டோபர்ல வச்சுக்கலாம். வேணும்னா செப்டம்பர்லயே."

ஷெல்பிக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. டெல்பர்ட்டின் விரலுக்குக் கொக்கி அகப்பட்டது. மாட்டிவிட்டுக் கையை வெளியே எடுத்தார். மேஜையைச் சுற்றி எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டார்கள். புழுக்கம், பாவம், என்று நினைத்தார்.

நோரீனுக்குத் தைரியம் வந்தது. "சாயங்கால விருந்துல கொஞ்சம் பீர் வைக்கலாமா? எங்க பக்கத்து ஆளுங்க டான்ஸ் இல்லாம கல்யாணம்னா வரமாட்டாங்க."

லோயிஸ் முகம் இறுகியது. அவர்கள் சபையில் கல்யாண விருந்து என்றால் எலுமிச்சைச் சாறும் நான்கு குரல் பாட்டும்தான். "அதெல்லாம் எங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

டெல்பர்ட் இப்போது அவசரமாக முதுகை நிமிர்த்தினார். பொத்தான் வைத்த சின்னத் தோல்பட்டை ஒன்றுதான் துப்பாக்கியை உறைக்குள் பிடித்து வைத்திருந்தது. அது பட்டென்று அறுந்தது. துப்பாக்கி வழுக்க ஆரம்பித்தது. கை மின்னலாகக் கோட்டுக்குள் போனது.

"எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல," என்று முடித்தாள் லோயிஸ். "ஒரு பீப்பாய் போதுமா?"

"ரெண்டா வச்சுடலாம்," என்றார் ஆர்லோ.

நோரீன் ஆச்சரியத்தில் வாயைத் திறந்தபடி இருந்தாள். இவர்களைப் போய்க் கெடுபிடியான ஆட்கள் என்று ஊர் சொல்கிறதே என்று டெல்பர்ட்டுக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் வருத்தப்பட நேரமில்லை. பிடியை விட்டால் துப்பாக்கி குழம்புக் கிண்ணத்தில் விழும். மகள் வாழ்க்கை அதோடு போகும். இடது கையால் நாப்கினை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாத்ரூம் எங்க இருக்கு?"

மேஜையில் இருந்த நாலு வோத்களும் ஒரே சமயத்தில் திசையைக் காட்டினார்கள்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதும் எல்லாவற்றையும் கழற்றினார். அறுந்த பட்டையைச் சட்டை நூலால் கட்டிப் பார்த்தார். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் கட்டிப் பார்த்தார். கட்டிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கி வழுக்கிப் போய்க் குளிக்கும் தொட்டியில் விழுந்தது. இரும்புத் தொட்டி. கோயில் மணி மாதிரி சத்தம் வீடெல்லாம் கேட்டது. குண்டு பாயாதது கடவுள் செயல். டெல்பர்ட் குழாயைத் திறந்துவிட்டு, "சோப்புப் பெட்டி விழுந்துடுச்சு," என்று கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

வெளியே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

கடைசியில் வேறு வழி தெரியவில்லை. எல்லாவற்றையும் மறுபடி மாட்டிக்கொண்டு, துப்பாக்கியை உறையில் வைத்து, வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். இனி கிளம்புகிற வரை அந்தக் கை கோட்டுக்குள்தான்.

நோரீனும் ஷெல்பியும் பின்கட்டில் கைப்பிடி சுற்றி ஐஸ்கிரீம் செய்துகொண்டிருந்தார்கள். மேஜையில் வோத்கள் மட்டும் இருந்தார்கள். பழக்கஞ்சி பரிமாறியிருந்தது. டெல்பர்ட் உட்கார்ந்து இடது கையால் கரண்டியைப் பிடித்தார். முதல் வாய் மூக்கில் போனது.

நாதன் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. "அங்கிள், ஷெல்பிய நான் நல்லா பார்த்துக்குவேன். சத்தியம் பண்ற வழக்கம் எங்க சபையில கிடையாது. ஆனா நீங்க கேட்டா இன்னிக்குப் பண்றேன்."

"எதுக்குப்பா, உன் பேச்சே போதும்," என்றார் டெல்பர்ட் நெகிழ்ந்து போய். "உக்காரு."

நாதன் உடனே உட்கார்ந்தான்.

இதற்கு மேல் தாங்காது, லாரியில் கொண்டு போய் வைத்துவிடுவது என்று டெல்பர்ட் முடிவு செய்தார். முட்டாள் ஆனாலும் பரவாயில்லை. "ஒரு நிமிஷம் வெளிய போயிட்டு வரேன்," என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"சம்பந்தி, கோவிச்சுக்கிட்டுப் போகாதீங்க," என்று ஆர்லோ எழுந்து இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினார். "எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம். எங்க வழக்கமே அதுதான். பசங்க எங்க குடியிருப்பாங்கன்னுதானே யோசிக்கறீங்க? தெற்கு வயலும் அதுல இருக்கற வீடும் அவங்களுக்குத்தான். நாளைக்கே பேர் மாத்திடறேன்."

"டிராக்டர்," என்று லோயிஸ் மெல்லச் சொன்னாள்.

"டிராக்டரும்தான்."

டெல்பர்ட் மறுபடி உட்கார்ந்துவிட்டார். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் அவர்களாகவே கொடுக்கிறார்கள். டயர் கடையில் ஒரு பழைய டியூபுக்குக்கூட மனிதர்கள் எப்படியெல்லாம் பேரம் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். இப்படிப்பட்ட வீட்டுக்கு, மகளுக்குக் கொடுத்த வாக்கை மீறி, அக்குளில் துப்பாக்கியோடு வந்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. இதுதான் கடைசி, இனிமேல் இந்த வீட்டுக்கு வெறும் ஆளாகத்தான் வருவது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துக்கொண்டார்.

ஐஸ்கிரீம் முடிந்து கிளம்பும் நேரம் வந்தது. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். நோரீன் லோயிஸின் கையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தாள். ஷெல்பி அப்பாவின் பக்கத்தில் வந்து நின்று அவர் வலது தோளில் தலையைச் சாய்த்தாள்.

"அப்பா, நான் சொன்னத நீங்க கேட்டதாலதான் இதெல்லாம் நடந்தது," என்றாள் காதோடு. "நீங்க மட்டும் அதை எடுத்துட்டு வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

கோட்டுக்குள் டெல்பர்ட்டின் விரல்கள் மரத்துப் போயிருந்தன. இன்னும் பத்தடி நடந்தால் லாரி. இடது கையை ஆர்லோவிடம் நீட்டினார்.

"சம்பந்தி, மனசாரச் சொல்றேன். உங்கள மாதிரி ஜனங்கள நான் பார்த்ததில்ல. நான் ஒண்ணுமே கேக்கல. எல்லாத்துக்கும் நீங்களாவே சரின்னு சொன்னீங்க."

ஆர்லோ அந்தக் கையைத் தொட்டும் தொடாமலும் குலுக்கினார். அப்போது பெரியப்பா மென்னோ தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். வந்ததிலிருந்து டெல்பர்ட்டிடம் ஒரு வார்த்தை பேசாத மனுஷர். காது மந்தமானவர்கள் பேசுகிற உரத்த குரலில், ஷெல்பி, நோரீன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்:

"தேதிக்கு சரின்னோம், பீருக்கு சரின்னோம், நிலத்துக்கும் டிராக்டருக்கும் சரின்னுட்டோம் தம்பி. இனிமேலாவது அந்தத் துப்பாக்கியிலேருந்து கைய எடுங்க."